ஊறாத கொள்ளு

நின்றால் படுத்துவிடும், படுத்தால் உருளும், உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அதனால் நான் வருகிற வரைக்கும் நடத்திக்கொண்டே இரு என்று குதிரை டாக்டர் பரசுராமன் போனில் சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. நிரோஷாவும் நடத்திக்கொண்டுதான் இருந்தாள். ஹவுசிங் போர்டு பிளாக்கின் அடிபம்பிலிருந்து சந்து முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போக வேண்டியது, அங்கே திரும்ப வேண்டியது, மறுபடி அடிபம்பு. வலது கையில் குதிரை பிஜிலியின் கயிறு. நெஞ்சில் பழைய புடவையைக் குறுக்கே போட்டுக் கட்டிய ஐம்பத்திரண்டு நாள் குழந்தை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. எது குதிரையின் வியர்வை, எது தன்னுடையது, எது குழந்தையுடையது என்று பிரிக்க முடியாதபடி மூன்று பேரும் நனைந்து கிடந்தார்கள். குதிரை என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி பளபளவென்று ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் ஆனால் மெரினா மணலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அலை வரைக்கும் போய்த் திரும்புகிற ஒல்லிப் பழுப்பு நாட்டுக் குதிரை. முகூர்த்த நாளில் மாப்பிள்ளையையும் சுமக்கும். இன்றைக்குக்கூட புரசைவாக்கத்தில் ஒரு ஊர்வலம் இருக்கிறது. அதற்கு வெல்வெட் துணியும் ஜிகினா மாலையும் வாங்கத்தான் அவள் புருஷன் எத்திராஜ் காலையிலேயே சௌகார்பேட்டைக்குக் கிளம்பிப் போனான். குதிரைக்கு வயிற்றுவலி என்று அவனுக்கு இன்னும் தெரியாது. எதனால் வந்தது என்பது இந்த ஊரிலேயே நிரோஷா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"காலையில என்னம்மா குடுத்த?" என்று டாக்டர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். "எப்பவும் குடுக்கிறதுதான் சார்" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவளைக் கேட்டுக்கொண்டா சொன்னது? அவள் யோசிப்பதற்குள் அது சொல்லி முடித்து மூடிக்கொண்டது. அப்படின்னா வெயிலா இருக்கும், வாயு பிடிச்சிருக்கும், நான் தாம்பரத்துல இருக்கேன், ஒரு மாடு கன்னு போட முடியாம கெடக்குது, முடிச்சிட்டு ஆறு மணிக்கு வரேன், நாய் மாதிரி குந்துதா பாரு, குந்தினா வயிறு தாங்கலைன்னு அர்த்தம், உடனே போன் பண்ணு என்று அவர் வைத்துவிட்டார். எப்பவும் குடுக்கிறதுதான். பொய் இல்லையே. கொள்ளுதான் குடுத்தாள். எப்போதும் கொள்ளுதானே குடுப்பது. மேலே தவிடு தூவி, வெல்லத் தண்ணி தெளித்து. ஊறாத கொள்ளு என்பது மட்டும்தான் வித்தியாசம். ராத்திரி பக்கெட்டில் கொள்ளைக் கொட்டினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொட்டும் சத்தத்தில் பாப்பா முழித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தண்ணீர் ஊற்றினாளா? ஊற்றினதாகத்தான் இருக்கிறது ஞாபகத்தில், ஆனால் அது முந்தின நாள் ஊற்றின தண்ணீராகவும் இருக்கலாம், அதற்கு முந்தின நாளாகவும் இருக்கலாம். இந்த ஐம்பத்திரண்டு நாளும் ஒரே நாள் மாதிரிதான் கிடக்கிறது, எதை எங்கே பிரிப்பது. விடியற்காலையில் இடது தோளில் கத்துகிற குழந்தை, வலது கையில் கொள்ளு அள்ளும் மக்கு. அள்ளினாள், தொட்டியில் போட்டாள், தவிட்டைத் தூவினாள், போனாள். எத்திராஜ் ஒரு நாளும் அப்படிச் செய்ய மாட்டான். தொட்டியில் போடுவதற்கு முன்னால் நாலு கொள்ளை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்குவான். மாவாக நசுங்கினால்தான் வைப்பான். கல்யாணமாகி வந்த புதிதில் முதல் பாடமே அதுதான், சோறு வடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் கொள்ளு நசுக்கச் சொல்லித் தந்தான். நசுக்குவதற்கு ஒரு கை வேண்டும். இந்த ஐம்பத்திரண்டு நாளாக அவளிடம் இருப்பது ஒரே கை. அந்தக் கையில் மக்கு இருந்தது.

பிஜிலி தின்றுவிட்டு ரெண்டு பக்கெட் தண்ணீர் குடித்தது. பத்து மணிக்கு முன்னங்காலால் தரையைப் பிறாண்ட ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது, அங்கே யாரோ நின்றுகொண்டு கூப்பிடுகிற மாதிரி. அப்போதுதான் நிரோஷா தொட்டிக்குள் கையை விட்டாள். அடியில் மிச்சம் கிடந்தது கொள்ளா, சரளைக் கல்லா. அடுத்து அவள் செய்த காரியம்தான் இப்போது நினைக்கவே கூசுகிறது. டாக்டருக்கு போன் போடவில்லை. புருஷனைக் கூப்பிடவில்லை. முதலில் தொட்டியைக் கழுவினாள். பக்கெட்டில் மீந்ததைச் சாக்கடை ஓரம் கொட்டினாள். புறாக்கள் வந்து ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட்டன. பக்கெட்டையும் அலசிக் கவிழ்த்தாள். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால், என்ன சுறுசுறுப்பு. கொள்ளில் தண்ணீர் ஊற்ற மறந்துபோன கைக்கு இதெல்லாம் மறக்கவில்லை பார்.

"ஏய் நிரோஷா, பச்சப் புள்ளைய வெயில்ல வெச்சிக்கினு இன்னா பண்ற?" என்று ரெண்டாவது மாடியிலிருந்து குளோரி அக்கா கேட்டாள். பால்கனியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள், சந்தில் காக்கா பறந்தாலும் அவளுக்குத் தெரிந்துதான் பறக்க வேண்டும். "பிஜிலிக்கு வயித்து வலிக்கா. டாக்டரு நடத்தச் சொல்லிக்கீறாரு." "நடத்து, யார் வேணான்னா. புள்ளைய இங்க குடு, நான் பாத்துக்கறேன்." "பரவால்லக்கா, தூங்குது." தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டு அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டால் என்ன? கொடுத்தால் கொடுத்ததுதான். அப்புறம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இவளால் முடியவில்லை, தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள் என்று. அவள் நாத்தனார் தமிழரசி அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அரக்கோணத்தில் காத்துக்கொண்டிருக்கிறாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால்கூட வசதியாக இருந்திருக்கும், நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் கூட இருந்து, குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, எல்லாம் அவள்தான் செய்தாள். நிரோஷாவின் அம்மா குவைத்தில் யார் வீட்டுப் பிள்ளையையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், லீவு கிடைக்கவில்லை. தமிழரசி ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தானா அது நடக்க வேண்டும். உட்கார்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டே நிரோஷா தூங்கிவிட்டாள். மடியிலிருந்து பாப்பா வழுக்கித் தரையில் விழுந்தது. பெரிய உயரம் இல்லை, ஒரு சாண். பாய் விரித்திருந்தது. நெற்றியில் சின்னதாக ஒரு வீக்கம், மறுநாளே வடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் வடியவில்லை. தேங்காயைத் தரையில் வைத்த மாதிரி ஒரு சத்தம். தமிழரசி திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கித் தடவிக்கொடுத்தபடி தம்பியைப் பார்த்து, நான் வேணா எடுத்துக்கினு போறேண்டா, ஒரு ஆறு மாசம், இவளும் தூங்கி எழுந்திருப்பா என்றாள். எத்திராஜ் நிரோஷாவைப் பார்த்தான். இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா அனுப்பிடலாம் என்றான்.

இன்னொரு தடவை ஆகிவிட்டது. பாப்பாவுக்கு ஆகவில்லை, பிஜிலிக்கு ஆகியிருக்கிறது. அதை அவன் வேறு வேறாகப் பார்ப்பானா? அவளாலேயே வேறாகப் பார்க்க முடியவில்லையே. கொள்ளில் தண்ணீர் ஊற்ற மறந்தவள் நாளைக்குப் பாப்பாவுக்கு எதில் எதை மறப்பாள்? சொட்டு மருந்தை மறந்து ரெண்டு தடவை ஊற்றுவாளா? வெந்நீரில் கை வைத்துப் பார்க்காமல் முக்குவாளா? இந்த நினைப்பு வந்ததிலிருந்து வீட்டில் ஒரு சாமானையும் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அடுப்பு, பக்கெட், மாடிப்படி, தலையணை எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு இருக்கிறது. யாரிடம் சொல்வது? பெற்றவளுக்கு இப்படியெல்லாம் தோன்றுமா என்று கேட்டால் கேட்கிறவர்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பார்கள். பிஜிலியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், வாலைச் சிக்கெடுத்துக்கொண்டே. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் பக்கம் நின்ற முதல் ஆள் பிஜிலிதான். ஆள் என்றுதான் வருகிறது வாயில். அவள் வந்து மூன்று வருஷமாகிறது. பாப்பா வந்து ஐம்பத்திரண்டு நாள். கணக்குப் பார்த்தால், சீ, இதில் என்ன கணக்கு. ஆனால் பிஜிலி முனகினால் அவளுக்குத் தூக்கம் கலைகிறது, பாப்பா அழுதால் எத்திராஜ் எழுப்ப வேண்டியிருக்கிறது, இது உண்மையா இல்லையா? உண்மை. இதோ இப்போது பிஜிலி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகியது, நிரோஷாவுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. குதிரை முனகியதற்கு. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பாப்பாவின் உச்சந்தலையை முகர்ந்தாள். புளித்த பால் வாசனையும் குதிரை வாசனையும் கலந்து வந்தது. எதை முகர்ந்தோம் என்றே தெரியவில்லை.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் திரும்பும்போது பிஜிலியின் விலாவில் காதை வைத்துப் பார்த்தாள். இதுவும் எத்திராஜ் சொல்லிக் கொடுத்ததுதான். நல்லா இருக்கிற குதிரையின் வயிறு சும்மா இருக்காது, குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி குளுக் குளுக்கென்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். காதுக்கும் குதிரைக்கும் நடுவில் குழந்தை நசுங்கிவிடாமல் சாய்ந்து நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டாள். குளுக்கென்று ஒரு சத்தம். சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் தெரிந்தது, அது பாப்பாவின் வயிறு. பிஜிலியின் வயிறு மூச்சு விடாமல் இருந்தது. உள்ளே அந்தக் கொள்ளு தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்கப் பக்கெட்டில் ஊற வேண்டியது வயிற்றில் ஊறிக்கொண்டிருக்கிறது. பக்கெட்டில் என்றால் காலையில் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும். வயிற்றுக்கு விளிம்பு எங்கே? சொல்லிவிடலாமா? டாக்டருக்கு போன் பண்ணி, சார், ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன் என்று. மறந்துட்டேன் என்றால் போதும், மறதிக்காரி என்றுதான் ஏற்கனவே பேர் இருக்கிறதே. ஆனால் டாக்டர் எத்திராஜின் சிநேகிதர், சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லுவார். சொன்னால் நாளைக்குக் காலை ரயிலில் தமிழரசி வருவாள். வரட்டுமே. வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போகட்டுமே. போனால் ராத்திரி முழுக்கத் தூங்கலாம். அடுப்பு அடுப்பாக இருக்கும், தலையணை தலையணையாக இருக்கும். இந்த எண்ணம் வந்ததும் கால் தானாக நின்றது. அப்படியானால் பயம் எதற்கு, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றா, எடுத்துக்கொண்டு போனால் நிம்மதியாக இருக்குமோ என்றா? கால் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் பிஜிலி பின்னங்காலை மடக்கி, முன்னங்காலை ஊன்றியபடி, அப்படியே குந்தியது. நாய் மாதிரி.

கயிறு உள்ளங்கையை அறுத்தது. நிரோஷா இழுத்தாள், கெஞ்சினாள், எழுந்திருடி என் தாயே என்றாள், முழங்காலால் அதன் தோளில் இடித்தாள். மேலேயிருந்து குளோரி அக்காவின் மிஷின் சத்தம் நின்றுபோனது. பிஜிலி எழுந்தது, ஆனால் கால் நடுங்கியது, மேலுதடு சுருண்டு பல் தெரிந்தது. உடனே போன் பண்ணு என்றுதானே சொன்னார். குந்திச்சு சார் என்று சொன்னால் போதாதா, கொள்ளு விஷயம் எதற்கு? போதுமோ? போதாதோ? இந்த இழுபறியில் பாப்பா வீறிட்டது. ஒற்றைக் கையால் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றி, முந்தானையை இழுத்து மூடி, நடந்துகொண்டே பால் கொடுத்தாள். பாப்பா பசியில் மடக் மடக்கென்று விழுங்கியது. பக்கத்தில் பிஜிலி. இந்தப் பக்கம் ஒரு வயிறு நிறைகிறது, அந்தப் பக்கம் ஒரு வயிறு வெடிக்கப் பார்க்கிறது, ரெண்டும் அவள் கையால். அளவுக்கு மேலே குடித்துவிட்டது போலிருக்கிறது, தோளில் போட்டுத் தட்டினதும் ஒரு ஏப்பம், பின்னாடியே திரிதிரியாகப் பால் அவள் முதுகில் வழிந்தது. கக்கிவிட்டு, பாப்பா லேசாகிவிட்ட மாதிரி அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டது. சூடாக வழிந்த பாலைத் துடைக்காமல் நிரோஷா நின்றாள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. எத்திராஜ் சொல்லியிருக்கிறான், உள்ளே போனது போனதுதான், மேலே வர வழியில்லை, கடவுள் அதுக்கு அந்தக் கதவை வைக்கவில்லை என்று. பாப்பாவால் கக்க முடியும். பிஜிலியால் முடியாது. பிஜிலிக்காகக் கக்க வேண்டியவள் வாயை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மறுபடி அடிபம்பு வரைக்கும் போய் வந்திருப்பாள்.

"சார், குந்திடுச்சு. ஊறாத கொள்ளு சார். நிறைய. தின்னுட்டு ரெண்டு பக்கெட் தண்ணி குடிச்சுது. காலையில உங்ககிட்ட பொய் சொன்னேன்." அந்தப் பக்கம் மாடு கத்திக்கொண்டிருந்தது. டாக்டர், "ஏம்மா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். "பயம் சார்." "சரி. இனி ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காத. நிழல்ல மெதுவா நடத்து, படுக்க மட்டும் விடாத. கன்னு வெளிய வந்துடுச்சு, கிளம்பிட்டேன்." எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஸ்கூட்டர் முன்னால் பெட்டியும் தோளில் வளையமாகச் சுற்றின டியூபுமாக வந்து இறங்கினார். வந்ததும் பிஜிலியின் ஈறைப் பார்த்தார், முகம் மாறியது. மூக்கு வழியாக டியூப் போக வேண்டும், உதட்டுக்குக் கயிறு போட்டு ஒருத்தர் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும், புது ஆள் பிடித்தால் உதைக்கும் என்றார். நிரோஷா படிக்கட்டைப் பார்த்தாள். குளோரி அக்கா ஏற்கனவே கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் இஞ்சு டேப் தொங்க. "இப்பவாவது குடுக்கறியா?" என்றாள். புடவை முடிச்சு வியர்வையில் இறுகிப்போய் அவிழவே மாட்டேனென்றது. அக்கா பல்லால் இழுத்து அவிழ்த்தாள். பாப்பா கை மாறியது. நெஞ்சில் ஈரம் பட்ட இடமெல்லாம் காற்றுப் பட்டுச் சில்லிட்டது, நிரோஷாவுக்கு ஒரு பக்கம் காலியாகிவிட்ட மாதிரி இருந்தது, நிம்மதி என்று சொல்ல முடியாது.

டியூப் முழ முழமாக உள்ளே போனது. பிஜிலியின் கண் வெள்ளை தெரிய அவளையே பார்த்தது. நிரோஷா அதன் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், என்ன பேசினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டர் டியூப் முனையில் வாயை வைத்து உறிஞ்சி அதைத் தாழ்த்தினார். புஸ்ஸென்று ஒரு காற்று, புளித்த மாவு நாற்றம். பிறகு பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று வந்தது, நடுவில் கொள்ளு, ஒவ்வொன்றும் பருத்துத் தோல் வெடித்து. அரை பக்கெட்டுக்கு மேல் வந்தது. பிஜிலி தலையைத் தாழ்த்தி நீளமாக ஒரு மூச்சு விட்டது. "அவ்வளவுதானா சார்?" "அவ்வளவுன்னு சொல்ல முடியாது. இன்னும் வரும், டியூபு இருக்கட்டும். விடியற வரைக்கும் பாக்கணும். ஆறு மணிக்குன்னு நான் வந்திருந்தா பாக்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது." கையைக் கழுவிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எத்திராஜ் கேட்டா வெயில் ஒத்துக்கலன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போ" என்றார். நல்ல மனுஷன். கதவைத் திறந்து வைத்து ஒதுங்கி நிற்கிறார், புகுந்து போக வேண்டியதுதான் பாக்கி. வெயில். சித்திரை வெயில் யாரைத்தான் விட்டது. நாளைக்கு வழக்கம் போல எத்திராஜ் அவள் கையில் பக்கெட்டையும் பிள்ளையையும் கொடுத்துவிட்டுக் கிளம்புவான், சந்தேகமே இல்லாமல். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் கையைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரியும், பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்குத் தெரியாது என்றால், அப்புறம் அந்த வீட்டில் அவள் யாரோடு இருப்பது?

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எத்திராஜ். "சிவப்பு வெல்வெட் கெடச்சிருச்சி, கல்லு வெச்சது. பிஜிலிய குளிப்பாட்டி வெச்சிடு, அஞ்சு மணிக்குக் கெளம்பணும்."

"இன்னிக்கு பிஜிலி வராது," என்றாள். "காலையில ஊறாத கொள்ளு வெச்சிட்டேன். நான்தான். ராத்திரி தண்ணி ஊத்தல, நசுக்கியும் பாக்கல. டாக்டரு டியூபு போட்டு எடுத்துனுகீறாரு. அவருகிட்டயும் மொதல்ல பொய்தான் சொன்னேன். தொட்டிய கழுவி வெச்சிட்டேன், உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

சௌகார்பேட்டையின் ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ வழி வழி என்று கத்திக்கொண்டு போனார்கள்.

"பொழைக்குமா?"

"விடியணும்னு சொல்றாரு."

"பாப்பா?"

"குளோரி அக்காகிட்ட."

ஹாரன் சத்தம் குறைந்தது, அவன் ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் அரக்கோணத்துக்கு போன் பண்றேன். அக்கா நாளைக்கு வந்து பாப்பாவ கூட்டினு போவட்டும். நீயும் தூங்கணும் இல்ல."

"வேணாம்."

"சொல்றத கேளு நிரோஷா. இன்னிக்குக் குதிரை. நாளைக்குப் பாப்பாவுக்கு எதுனா ஆச்சுன்னா?"

ஆகாது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்பவும் குடுக்கிறதுதான் என்று வந்ததே, அதே வேகத்தில். நிரோஷா அதை விழுங்கினாள்.

"ஆகலாம்," என்றாள். "ஆச்சுன்னா அந்த நிமிஷமே உனக்கு போன் பண்ணுவேன். கழுவி வெக்க மாட்டேன். எனக்கு என்னைப் பாத்தா பயமா இருக்கு, ஒவ்வொரு நாளும் பயமா இருக்கு, அதையும் சொல்லிட்டேன். அக்கா வரட்டும், வந்து இங்க இருக்கட்டும். பாப்பா என்கிட்டதான் இருக்கும்."

எத்திராஜ் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவது கேட்டது. போனை வைக்கவில்லை.